தகப்பன் பேர் தேய்ந்த லேத்து

காலை ஆறேகாலுக்குச் சென்னையில் கிளம்பிய அந்தக் காஞ்சிபுரம் பஸ்ஸில், புடவைக்கும் கோயிலுக்கும் போகாதவன் நான் ஒருவன்தான். இரும்பு கடையும் என் பட்டறை லேத்தில் மரை வெட்டும் பல்சக்கரம் நான்கு பல் உடைந்து மூன்று மாதமாகிறது. அந்த வேலையெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. வேறு சக்கரம் கேட்டு எழுதலாமென்றால் எந்தக் கம்பெனிக்கு எழுதுவது? பெயர்த் தகடு நான் வாங்கும்போதே இல்லை. அதே ரக லேத்து தகடோடு காஞ்சியில் இருக்கிறது என்று ஓர் இரும்புக்கடைக்காரர் சொன்னார். நாற்பத்தைந்து மைல்தானே என்று ஏறிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். மூன்று புடவைத் தரகர்களிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, ஓரிக்கை சாலையில் இரும்புக்கடைக்காரர் சொன்ன ஏகாம்பரத்தின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டு நூல் முறுக்கும் மெஷினுக்கு, நூல் சுற்றும் கதிர் கடைந்துகொண்டிருந்தார். பார்த்தவுடனே தெரிந்தது, என் லேத்தின் கூடப்பிறந்ததேதான். ஆவலாய்த் தகட்டைப் பார்த்தேன். பித்தளை பளபளத்தது, எழுத்தைத்தான் காணோம். ஓரத்தில் ‘அண்ட் ஸன்ஸ்’ மட்டும் இருந்தது.

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கோட இதையும் புளி போட்டு தேச்சிடுவேங்க” என்றார் ஏகாம்பரத்தின் மனைவி தனகோட்டி, பெருமையாக.

“அப்பன் பேர அழிச்சிட்டா சார். புள்ளைங்க மட்டும் மிச்சம்” என்று ஏகாம்பரம் சிரித்தார். எனக்கு அழுகை வராத குறை.

தனகோட்டி உள்ளே போய் ஒரு பிடி விபூதி கொண்டுவந்தார். தகட்டில் அப்பி, உள்ளங்கையால் லேசாகத் துடைத்தார். தேய்ந்த பள்ளங்களில் விபூதி தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்தது. ஏபல் ஹோல்டன் அண்ட் ஸன்ஸ், ஹாலிபாக்ஸ், இங்கிலாந்து. கீழே விக்டோரியா மகாராணி காலத்து வருஷம். தகப்பன் தொடங்கி, பிள்ளைகள் தலையெடுத்து, கடல் தாண்டி இரண்டு லேத்து அனுப்பிய கம்பெனி! சத்தமாகப் படித்தேன்.

“அந்தக் கம்பெனி மூடி ரொம்ப வருசம் ஆவுதுன்னு ஏலத்துல எடுக்கும்போதே சொன்னாங்கோ” என்றார் ஏகாம்பரம்.

“முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“நீங்க பேரு கேட்டுக்கினுதானே வந்தீங்கோ?”

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவர் ஸ்பானரை எடுத்துத் தம் லேத்தின் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

“இந்த மாசம் எனக்கு மரை வேல இல்ல. எடுத்துக்கினு போய் இதே மாதிரி ஒண்ணு வெட்டிக்கினு, கொண்டாந்து குடுங்க.”

என் விலாசத்தைக்கூட அவர் கேட்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. எண்ணெய் ஒட்டாமலிருக்க, தனகோட்டி அதை ஒரு புடவைக் கடை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

மாலை நான்கு மணி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், “பொட்டி நல்ல கனமா இருக்குதே, ஜரிகை ஜாஸ்தியா? இன்னா கலரு?” என்றார்.

“கறுப்பும்மா. எழுபத்திரண்டு பல்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் சக்கரத்தோடு நான் நிம்மதியாகத் தூங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முகமெல்லாம் மலர்ந்து பெட்டியை வாங்கி, முடிச்சை அவிழ்த்தாள். சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் தனியாகப் போவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று.