பௌர்ணமி மதியம் ஓடின ஸ்கேன்

எனக்கு வாய் ஜாஸ்தி. வேங்கிக்கால்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சர்வர், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்குறது நான்தான். "கம்ப்யூட்டர் மேடம் கடிச்சு வச்சிடும்"னு நர்ஸுங்க பின்னாடி பேசிக்குவாங்க. பேசிட்டுப் போகட்டும்னு இருந்தேன்.

பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டத்துல பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நின்னுடும். வெளி நோயாளிங்க கம்மி. அதனால தள்ளிப்போட்ட வேலையை எல்லாம் அன்னைக்குத்தான் வச்சுக்குவோம். பெயின்ட் அடிக்கிறது, ஏசி கழுவுறது. சர்வர்ல ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனையும் நான் பௌர்ணமி மதியத்துக்குத்தான் வச்சிருந்தேன். மாசாமாசம் காலண்டரைப் பார்த்து நானே தேதி மாத்துவேன். அதுல ஒரு பெருமை வேற!

அப்படி ஒரு பௌர்ணமியில கீழ்பென்னாத்தூர் பக்கத்துலேருந்து ஒரு விவசாயி தன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தார். கிட்னி கெட்டுப்போன அம்மா. ரத்தத்துல பொட்டாசியம் எவ்ளோனு தெரிஞ்சாதான் மருந்து போட முடியும்னு டாக்டர் காத்துட்டிருந்தார். லேப்ல ரத்தத்தை வச்சா, இது யாரு, என்ன டெஸ்ட்டுனு மெஷின் என் சர்வரைக் கேக்கும். சர்வர் பதிலே சொல்லல. எல்லா ஸ்கிரீனும் அப்படியே நின்னுடுச்சு.

லேப்ல இருந்த அக்கா போன் பண்ணாங்க. "கூட்டம்ல, நெட்வொர்க் அப்படித்தான் இருக்கும்"னேன். அன்னைக்கு ஊர்ல எது நின்னாலும் கூட்டத்து மேல போடுறதுதான் எங்க வழக்கம். சர்வர் இருக்கிறது எங்க கட்டடத்துக்குள்ள. வெளி நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது தெரிஞ்சும் ஒவ்வொரு கேபிளா பிடுங்கிச் சொருகிட்டிருந்தேன்.

"பேரைக் கையால போட்டு டெஸ்ட்டை ஓட்டிடட்டுமா மேடம்?" அந்த அக்கா மூணு தடவை கேட்டாங்க. "வேணாங்க்கா, ரெண்டு தடவை பதிவாயிடும். அப்புறம் யாரு உக்காந்து சரி பண்றது? அஞ்சு நிமிஷம் இருங்க"ன்னேன். மூணு தடவையும் அதே அஞ்சு நிமிஷம். அந்த விவசாயி என் ரூம் வாசல்ல வந்து நின்னு, "ஆயிடுச்சாங்கம்மா?"ன்னார். "வரும், போய் உக்காருங்க! சும்மா சும்மா வந்து நிக்காதீங்க!"ன்னு கத்தினேன். அவர் திரும்பிப் போய் பெஞ்சுல உக்காந்துட்டார்.

கடைசியாத்தான் சர்வர்ல என்ன ஓடுதுனு பார்த்தேன். நோயாளிங்க விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸை ஆன்டிவைரஸ் பிடிச்சுக் குடைஞ்சிட்டிருந்துச்சு. அந்த ஃபோல்டரைத் தொடாதேன்னு விலக்கு கொடுத்து வச்சிருந்தேனே! அடிப்பாவி, முந்தின வாரம் டேட்டாபேஸைப் புது டிஸ்குக்கு மாத்தினதே நான்தானே. விலக்கை மட்டும் பழைய இடத்துலயே விட்டுட்டேன். ஸ்கேனை நிறுத்தினதும் எல்லாம் ஓட ஆரம்பிச்சுது. அதுக்குள்ள முக்கா மணி நேரம் போயிடுச்சு.

பொட்டாசியம் இதயத்தையே நிறுத்துற அளவுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு. மருந்து போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள அந்த அம்மா போயிட்டாங்க. "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் கஷ்டம்தான்"னார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காம. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிஞ்சு அந்த விவசாயி ஆஸ்பத்திரி பேப்பர் வாங்க வந்தார். லேப் ரிப்போர்ட்டை நான்தான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ரத்தம் எடுத்த நேரம், ரிசல்ட் வந்த நேரம் ரெண்டும் அதுல இருக்கு. அவர் நேரத்தைப் பார்க்கவே இல்ல. பொட்டாசியம் நம்பர் மேல விரலை வச்சுட்டு நின்னார்.

"முந்தின நாளே அவ மூச்சு வாங்குதுன்னு சொன்னா. பௌர்ணமி போகட்டும், கூட்டிட்டுப் போறேன்னு நான்தாம்மா இருந்துட்டேன். மறுநாள் ரொம்ப முடியாம போகவும்தான் கூட்டிட்டு வந்தேன். நானே கொன்னுட்டேன்"னு அழுதார்.

"ஐயோ, உங்க தப்பு இல்லைங்க"ன்னேன். யாரு தப்புன்னு மட்டும் நான் சொல்லல. நான் ஆறுதல் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு, கண்ணைத் துடைச்சிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா"ன்னு சொல்லிட்டுப் போனார்.