நெத்திலி மேல் ஒரு செல்பி

இன்று அலுவலக நண்பரோடு நாகப்பட்டினம் போயிருந்தேன். கடல் பார்த்துவிட்டு மாலையே திரும்புவதாகத் திட்டம்.

கரையில் ஓர் அம்மா பழைய வலையை விரித்து நெத்திலி காயவைத்திருந்தார். நண்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷூவோடு அதன்மேல் ஏறி நின்றார். பின்னால் படகு தெரிய ஒரு செல்பி வேண்டுமாம்.

"சார், மீனை மிதிக்கிறீங்க" என்றேன்.

"கருவாடுதானே, இருக்கட்டும்."

அந்த அம்மா ஓடி வந்தார். "எந்த ஊரு சார் நீங்க?"

"நீடாமங்கலம். சொந்த வயல் இருக்கு" என்றார் நண்பர், பெருமையாக.

"உங்க வயல்ல நான் செருப்போட எறங்கி நாத்தங்கால மிதிச்சா சும்மா இருப்பீங்களா?"

நண்பர் சிரித்தார். "அதுவும் இதுவும் ஒண்ணாம்மா? அது சோறு போடுது."

கையைப் பிடித்து அவரைக் கீழே இழுத்தேன். நசுங்கிய மீன்களை அந்த அம்மாவோடு உட்கார்ந்து பொறுக்கினேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தனியாகப் பஸ் ஏறிவிட்டேன். இப்போது நண்பரிடமிருந்து வாட்ஸப்: "கோவமா? அடுத்த வாரம் வேளாங்கண்ணி போவோமா?"

என்ன பதில் போடலாம், சொல்லுங்கள். கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும். திங்கட்கிழமை பக்கத்து நாற்காலி அவருடையது.