கம்பியில் கைவைத்துப் போன கஸ்பர்

என் தங்கை இசபெலின் புருஷன் கஸ்பரைப் போல ஒரு வேலைக்காரன் டிக்கோயாப் பக்கத்தில் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டிலேயே பிறந்தவன். ஃபேக்டரியில் மோட்டார் பார்ப்பான், கார், லாரி வயரிங்கும் பார்ப்பான். அட்டன் டவுனில் சொந்தமாக ஒரு கடை போட்டு லயத்தை விட்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும்; தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசு என்று எங்களுக்கு அதைத் தரவில்லை. பிரஜாவுரிமை கேட்டு எழுத, இங்கேதான் பிறந்தான் என்று தோட்டத்து ஆபீஸ் கடிதம் தர வேண்டும். பெரிய கிளாக்கர் முத்துலிங்கமோ மூன்று வருஷமாக "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று இழுத்தடித்தார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பத்திரண்டில் மாரியம்மன் தேருக்கு முன்னால் போகத் தன் வேனில் கேசட் செட்டும் புது ஆம்பிளிபயரும் பூட்டச் சொன்னார் கிளாக்கர். தேர் முடிந்ததும் கடிதம் என்றார். கஸ்பர் பூட்டினான். சத்தத்தைக் கூட்டினால் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் போனது. போன ஃபியூஸில் வேன் டிரைவர் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவைக்க, கஸ்பர் அதைப் பிய்த்து எறிந்தான்.

"பதினஞ்சு பத்தலைன்னா முப்பதைப் போட்டுத் தொலையேன்!" என்றார் கிளாக்கர்.

"ஃபியூஸு செட்டுக்குக் காவல் இல்லீங்கய்யா, கம்பிக்குத்தான் காவல். இந்த ஒல்லிக் கம்பி பதினஞ்சுக்கு மேல தாங்காதுங்க. முப்பது போட்டா ஃபியூஸு நிக்கும், கம்பி எரியும். தடிச்ச கம்பி வேணுங்க."

"இன்னைக்கு போயா நாளு, பௌர்ணமி லீவு, எவன் கடை தொறந்திருக்கான்? ஒனக்குக் கடிதம் வேணுமா, வேணாமா?"

கஸ்பர் முப்பதைப் போட்டான். போட்டுவிட்டுத் தானும் வேனில் ஏறி, சீட்டுக்கடியில் ஓடிய கம்பியை விரல்களால் பிடித்துக்கொண்டு குந்தினான். தாங்க முடியாத சூடு ஏறினால் பிடுங்கிவிடுவான், ஆறியதும் திரும்ப மாட்டுவான். பாட்டு நிற்கும்போதெல்லாம் முன்சீட்டிலிருந்து கிளாக்கரின் ஏச்சு. ஏச்சுக்குப் பயந்து பிறகு பிடுங்கவே தயங்கினான். இப்படியே நாலு மணி நேரம்!

ரோட்டோரத்தில் நின்ற இசபெல் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். "ஒங்கப்பாவப் பாரு, ராசா மாதிரி வேன்ல போறாரு!" பாவி மகளுக்கு என்ன தெரியும்? கஸ்பரால் கையைத் தூக்கி ஆட்டக்கூட முடியவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். கஸ்பரின் விரல்களெல்லாம் கொப்புளம், துணி சுற்றியிருந்தான்.

"எரியும் எரியும்னியே, எரிஞ்சிச்சா?" என்று சிரித்தார் கிளாக்கர். மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்தார். டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறந்தவர், கஸ்பரை ஒருதடவை பார்த்துவிட்டு மூடினார்.

"நீ கடை போட்டுக்கிட்டு அட்டனுக்குப் போயிட்டா, அடுத்த வருஷம் இந்த செட்டை யாருடா பாக்குறது?"

கடிதம் லாச்சிக்குள் போனது. நான் வாயைத் திறக்கப் போனேன். கஸ்பர் என்னைத் தடுத்துவிட்டு, துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிங்கய்யா" என்றான்.