பவுடர் எடுத்துக்கொண்ட படம்

எங்கள் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிற பையனுக்குப் பவுடர் என்று பெயர் வைத்தவள் நான்தான். கடை என்னுடையது, பெயர் வைக்கும் உரிமையும் என்னுடையது. எந்த முகம் வந்தாலும் வெளுத்துத்தான் அனுப்புவான். ஒருமுறை ஒரு குடும்பப் படத்தில் கை போன போக்கில் அவர்களுடைய கறுப்பு நாயையும் வெளுத்துவிட்டான். "இது யார் வீட்டு நாய்?" என்று வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

பவுடர் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேலியெல்லாம் அவன் விரல்களில் போய் உட்கார்ந்துவிட்டது என்பது என் எண்ணம். அவனைப் படம் எடுக்கலாம் என்றால் கேமராவுக்குப் பின்னால் ஓடிவிடுவான்.

அவனைப் பார்க்க ஓர் ஏ.சி. மெக்கானிக் வருவான். எங்கள் ஏ.சி. நோய்நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் சாயங்காலமானால் ஏணியோடு வந்து நிற்பான். அவன் ஏறும்போது பவுடர் ஏணியைப் பிடித்துக்கொள்வான். இறங்கிய பிறகும் விடமாட்டான். பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும். அவனாகச் சொல்லட்டும் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒருநாள் காலையில் பவுடரின் அம்மா வந்தார்.

"இவனை நல்லா ஒரு படம் எடுத்துக் கொடும்மா. பொண்ணு வீட்டுல கேக்குறாங்க."

பவுடர் முகத்தில் ஈயாடவில்லை. நான் என்ன செய்வேன்? எடுத்தேன்.

அவனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் முகத்தைத் திருத்தத் தொடங்கினான். நெற்றி, கன்னம், கழுத்து என்று வெளுத்துக்கொண்டே போனான். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"யாருடா இது?"

"நான்தாம்மா."

"நேர்ல பாத்தா அந்தப் பொண்ணு ஏமாந்து போயிடாதா?"

பவுடர் மவுஸை விட்டுவிட்டான்.

"ஏமாந்துதாம்மா போகும். கலர்னால இல்ல. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வராதும்மா. நான் விரும்புறது ஒரு பையனை."

நான் துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த ஏ.சி. பையனா?"

"எப்படிம்மா உனக்கு...?"

"நம்ம வீட்டுல ஏ.சி.யே இல்ல. ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்து என்னத்தைப் பாக்குறான்னு நானும்தான் யோசிச்சேன்."

சிரிப்பை அடக்க நான் இருமினேன். ஆனால் அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பவுடர் பதறிப்போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அழாதம்மா. என்னை எப்படி மாத்திக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"உன்னை யாருடா மாறச் சொன்னது? பொண்ணு வீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்க அப்பாகிட்டயும் நானே பேசிக்கிறேன். நீ நடுவுல வாயைத் திறக்காத." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினார். "நான் அதுக்கு அழல. இது என் நிறம்டா. எங்கிட்டருந்துதான் உனக்கு வந்துச்சு. இதைப் போய் அழிச்சிட்டு உக்காந்திருக்கியே."

பவுடர் எழுந்துபோய் வெளுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினான். கழுத்து வந்தது, கன்னம் வந்தது. கடைசியில் நெற்றி வந்தபோது, திரையிலும் ஸ்டூலிலும் இருந்தது ஒரே நெற்றி. அவனும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன் இல்ல?" என்றான் என்னிடம், ஏதோ புதுச் செய்தி போல.

"பெருசாப் போடுடா," என்றார் அம்மா. "ஹால்ல மாட்டணும்."