வரைபடத்தில் 243 வாசல், பட்டியலில் 212: காரைக்காலில் இரண்டு நாள்

ஜனவரியில் ஒரு வியாழன், வெள்ளி காரைக்காலில் இருந்தேன். திருநள்ளாறு போனீர்களா என்று கேட்காதீர்கள், போகவில்லை. இந்த வலைப்பூவின் பழைய பயணங்களில் "நாங்கள்" என்று வருமே, அதில் இன்னொருத்தி என் மனைவி ஆனந்தி. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு எங்கும் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

கூப்பிட்டது சேவியர். கல்லூரியில் என்னோடு படித்தவன், காரைக்கால்காரன். ஓர் ஐரோப்பிய நாட்டு உதவி நிதியில் நடக்கும் திட்டத்தில் வேலை செய்கிறான். உள்ளாட்சியை வலுப்படுத்துவதுதான் திட்டம். எந்த ஊருக்கு என்ன தேவை என்று தலைநகரத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ சொல்லக் கூடாது, ஊரே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நான் போன மீனவர் ஊர் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கேட்டிருந்தது. வீடுகளை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த வேலை தெரியும்.

"வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்குறதுக்கு, இங்க வந்து சுவத்துக்கு நம்பர் போடுடா" என்றான் சேவியர். சரி என்றேன். மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

திருச்சியிலிருந்து காலை ரயில். தஞ்சாவூர், திருவாரூர், நாகூர் வழியாகக் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். நான் போன நாளில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. சாதாரண டிக்கெட் 40 ரூபாய். கவுன்ட்டரில் பழக்கத்தில் "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன், இரண்டையும் வாங்கிக்கொண்டேன். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்கு முன்பே பிடித்துவிடுங்கள். திருவாரூர் தாண்டினால் இரு பக்கமும் வயல், அறுவடை நேரம், கூட்டமும் குறைந்துவிடும்.

ஸ்டேஷனிலிருந்து பாரதியார் சாலையில் உள்ள லாட்ஜுக்கு ஆட்டோ 80 ரூபாய், அறை 900. ஆட்டோ ஓட்டியவர் வயதானவர்.

"எந்த ஆபீஸ் வேலையா வந்திருக்கீங்க?"

"ஆபீஸ் இல்லீங்க. குடிதண்ணிக் குழாய் வேலை. உங்க ஏரியா கவுன்சிலர் யாருங்க?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தேர்தல் நடந்து எத்தினி வருசமாச்சு. கவுன்சிலர் பேரு கேட்டா என் பையனுக்கே தெரியாது. எல்லாம் ஆபீசருங்கதான்."

இது எனக்குப் புதிது. இங்கே ஊராட்சி அமைப்புக்குப் பெயர் கொம்யூன் பஞ்சாயத்து. கொம்யூன் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அவர்கள் நாட்டில் தானே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆகச் சின்ன ஊரைக் குறிக்கும் என்றான் சேவியர். இங்கே சொல் இருக்கிறது, தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை. அப்படியானால் "ஊரே முடிவெடுக்கட்டும்" என்று வெளிநாட்டுக்காரர் சொல்லும்போது அந்த "ஊர்" யார்? நெடுநாள் கழித்து எனக்குத் தானாக எழுந்த கேள்வி இது.

பதில் மதியமே கிடைத்தது. திருமலைராயன்பட்டினம் வரை பஸ், 12 ரூபாய். அங்கிருந்து சேவியரின் பைக்கில் கடல் பக்கமாகப் பத்து நிமிடம். பட்டினச்சேரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை எழுதவில்லை. மீனவர் ஊர்களில் அவர்களுக்கே ஒரு பஞ்சாயத்து உண்டு. அரசாங்கத்துக்குச் சம்பந்தம் இல்லை. படகுச் சண்டை, கோயில் திருவிழா, கடலுக்குப் போகாத நாள் எல்லாம் அதுதான் தீர்மானிக்கும். வீட்டுப் பட்டியலையும் அதுதான் கொடுத்திருந்தது. 212 பெயர், அழகான கையெழுத்து. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பட்டியலும் வரைபடமும் திட்ட அலுவலகம் போய்ச் சேர வேண்டும். பிறகு பெயர் சேர்க்க முடியாது.

செல்போனில் ஜி.பி.எஸ்ஸைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக வாசல் குறித்தேன். மூன்று முறை ஒரே சந்துக்குள் திரும்பி வந்தேன். ஐந்தரை மணிக்கு எண்ணினால் 243. கருவியில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். கடலோரத் தெருவை மட்டும் மறுபடி நடந்தேன். பிழை இல்லை. அடுப்பு எரிகிறது, துணி காய்கிறது, பட்டியலில் பெயர் இல்லை.

அப்படி ஒரு வாசலில் மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தவர் செல்வி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"எங்க வூடு லிஸ்ட்ல இருக்காது தம்பி. புருசன் செத்த வூடு."

புரியாமல் நின்றேன். அவரே சொன்னார். ஊரில் கணக்கு தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு, ஊருக்கு ஒரு வரி. கணவன் இறந்துவிட்டால் அந்தப் பெண்ணிடம் ஊர் வரி வாங்காது. அது ஊர் காட்டும் இரக்கம், மரியாதை. வரி இல்லாததால் வரி நோட்டில் பெயர் இல்லை. பட்டியல் கேட்டு வந்தவர்களுக்கு வரி நோட்டைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"மரியாதையக் கொடத்துல புடிக்க முடியுமா? தெருக்குழாயில காலைல அஞ்சரைக்கு ஒரு மணி நேரம் தண்ணி. அதே நேரம்தான் மீன் ஏலம். தண்ணி புடிச்சா மீன் இல்ல, மீன் எடுத்தா தண்ணி இல்ல. ஒங்க வூட்டுல யாரு தண்ணி புடிக்கிறது?"

"மனைவி தவறிட்டாங்கக்கா. எட்டு மாசம்."

கூடையைக் கவிழ்த்து வைத்தார். "நீங்க நம்மூரா இருந்தா தலைக்கட்டுதான். ஆம்பளைக்கு மாறாது" என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஊரில் கடலுக்குப் போவதில்லை. காலை பதினொன்றுக்கு ஏலக் கூடத்தில் கூட்டம் வைக்கச் சொல்லிச் சேவியர் கேட்டிருந்தான். ஆண்கள் உள்ளே, பெண்கள் தூணுக்கு வெளியே. பஞ்சாயத்துத் தலைவர் மாணிக்கம், படகு வைத்திருப்பவர், வரைபடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு கூடுதலா இருக்கே தம்பி."

"எல்லாம் வீடுங்கதாங்க. ஆள் இருக்காங்க."

"இருக்காங்க. நாங்க இல்லன்னு சொல்லல. தலைக்கட்டு இல்ல. புருசன் இல்லாதவகிட்ட வரி வாங்குற ஊருன்னு பக்கத்து ஊர்ல பேர் வாங்கணுமா நாங்க?"

அவர் குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. கெட்ட எண்ணமாக இருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

செல்வி அக்கா தூணைத் தாண்டி உள்ளே வந்தார். "வரி போட்டுக்குங்க. பேரை எழுதுங்க."

"கல்யாணம் ஆகாத பயலுவகிட்ட வாங்குற மாதிரி அரை வரி போடுவோம்" என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

"அரை வரின்னா கொழாயும் பாதியா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு. அக்கா சட்டென்று என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிக்கும் பொஞ்சாதி இல்ல. இவரு நம்மூருக்குக் குடிவந்தா தலைக்கட்டா இல்லையாண்ணே?"

மாணிக்கம் யோசித்தார். "தலைக்கட்டுதான்."

"நேத்து ஒரே சந்துல மூணு தடவ சுத்துனவரு. இவருக்குக் கொழாய், இருபது வருசமா இங்கயே கெடக்குற எனக்கு இல்ல."

கூடமே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. எட்டு மாதத்தில் கூச்சம் என்று ஒன்று எனக்கு வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முன்வரிசையில் ஓர் இளைஞர் எழுந்தார். "வரி கட்டுனா நாளைக்குக் கூட்டத்துல வந்து பேசுவாங்க. அதையும் யோசிச்சுக்குங்க."

"இப்ப என்னடா பண்ணிக்கிட்டு இருக்கேன்?" என்றார் செல்வி அக்கா.

மாணிக்கம் நோட்டை எடுக்கச் சொன்னார். முழு வரி, முழுத் தலைக்கட்டு என்று 22 பெண்கள் பெயர் கொடுத்தார்கள். மீதி ஒன்பது பேர் வயதானவர்கள், வரி கட்ட முடியாது என்றார்கள். அவர்களைக் குழாய்ப் பட்டியலில் மட்டும் எழுதுவது, வரி நோட்டில் வேண்டாம் என்று முடிவானது. அந்த ஒன்பது பேருக்குத் தண்ணீர் உண்டு, கூட்டத்தில் பேச்சு கிடையாது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாலேகாலுக்குச் சேவியர் 243 பெயரோடும் வரைபடத்தோடும் பைக்கில் கிளம்பினான். நாலே முக்காலுக்குக் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது.

வெளிநாட்டு நிதிக்காரர்களின் படிவத்தில் இரண்டு கேள்வி: பட்டியல் உண்டா, அதை ஊரே தயாரித்ததா? பட்டியலில் 212 பெயர் மட்டும் இருந்த முதல் நாளே, இரண்டுக்கும் "ஆம்" என்பது நேர்மையான பதில்தான். அதிகாரத்தைக் கீழே இறக்குவது என்கிறார்கள். இறக்கினால் அது ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒரு நோட்டில்தான் போய் உட்காரும். அந்த நோட்டில் யார் எதனால் இல்லை என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வேண்டும். இதுமாதிரி வேலைக்குப் போகிறவர்கள் பட்டியல் வாங்கும் முன் ஒரு முறை நடந்து வாசல்களை எண்ணிவிடுங்கள். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துப்போங்கள். செருப்பைவிடக் கான்வாஸ் ஷூ நல்லது, மணல் சுடும். ஊர்க் கூட்டம் வைப்பதென்றால் கடலுக்குப் போகாத நாளைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். மாலை ரயிலுக்கு முன்பு பட்டினத்திலிருந்து திரும்ப ஒரு மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

அன்று வரைபடத்தைச் சேவியரிடம் கொடுக்கும் முன், செல்வி அக்கா அதில் தன் வீட்டைக் காட்டச் சொன்னார். போன் திரையில் காட்டினேன். குழாய்க்காக நான் வைத்திருந்த புள்ளி வாசலுக்குக் கிழக்கே இருந்தது.

"கெழக்கால வேணாம் தம்பி, கடல் மண்ணு அடைச்சிக்கும். மேற்கால தள்ளிப் போடுங்க."

புள்ளியை மேற்கே தள்ளினேன். திரையில் அது ஒரு விரல் நகர்வு. குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.