எந்த டைப் குவார்ட்டர்ஸ்?

டெல்லி லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் தினமும் நின்ற அந்த அண்டர் செக்ரட்டரியின் சஃபாரி சூட் கசங்கி நான் பார்த்ததில்லை. புதிதாக யார் வந்தாலும் எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்பார். பதவி உயர உயர சர்க்கார் வீட்டின் டைப் நம்பரும் உயரும். பதிலைப் பொறுத்துத்தான் சிரிப்பார்.

ஒருநாள் என் வேலையைக் கேட்டார். தொலைதூர கேலக்ஸிகளில் இருக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் நேரடியாகத் தெரியாது, கூட இருக்கும் தூசியின் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறோம் என்றேன்.

"அச்சா. தூசியப் பாத்தே சொல்லிடுவீங்க. இதுக்கு சர்க்கார் சம்பளம் வேற. உங்களுக்கு எந்த டைப்?"

"டைப் டூ."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு பேசவேயில்லை.

அது கிளார்க்காக இருந்த என் மனைவிக்குக் கிடைத்த வீடு. யார் பேரில் வீடு என்று அண்டர் செக்ரட்டரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தூசியைப் பார்த்துச் சொல்லும் நாங்களாவது, கணக்கு எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைப்போம்.