கோதண்டன் மேஸ்திரியைப் பார்க்கத் திருவாலங்காடு போன ஞாயிற்றுக்கிழமை

கோயில், அணை, கடற்கரை என்று பயணக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம் வாசகர் ஒருவர் வேறு மாதிரி கேட்டிருந்தார். இளவயதில் தன்னை வேலை வாங்கிய ஒருவரைத் தேடிப் போகப் போகிறாராம், போகலாமா என்று. நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். 1978 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்காக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புப் பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அந்த வெள்ளிக்கிழமை ஏழுமலை என்ற தொழிலாளி இருபது நிமிடம் தாமதமாக வந்தார். மனைவிக்கு வலி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடி வந்ததாகச் சொன்னார். "காரணம் சொல்ற வாய்க்கு வேல கெடையாது. வெயில்ல நில்லு, புத்தி வரும்" என்றேன். எல்லோரும் பார்க்க, கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். அந்தத் தாளில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. 1966இல் திருவள்ளூரில் ஓர் அரிசி மில்லில் நெல் காயவைக்கும் வேலை செய்தேன். அங்கே கோதண்டன் என்று ஒரு மேஸ்திரி. கையில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும். என்னோடு கூடை தூக்கிய அந்தோணி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாமதமாக வந்த நாளில், அவனைக் களத்தின் நடுவே நிறுத்திவைத்து மேஸ்திரி சொன்ன வார்த்தைகள் அவை. அந்தோணி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நேராக மேஸ்திரியிடம் போய், "உன் புள்ளைக்கு ஒடம்பு சுட்டா நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தான். நான் பத்தடி தள்ளி, தலையைக் குனிந்தபடி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் பார்த்தபோது, "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடா" என்றான். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை. அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மேஸ்திரி சொந்த ஊரான திருவாலங்காட்டில் இருப்பது தெரியும். என்னை இப்படி ஆக்கியது அவர்தான், போய்க் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. என்ன கேட்பது என்பது வரை யோசிக்கவில்லை.

காலை 5.50க்குக் கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர். பேசின் பிரிட்ஜ் வந்து சேர 7.30. அங்கே இரண்டு இட்லி, ஒரு டீ. 8.05க்கு அரக்கோணம் வண்டி. ஆறு நாள் ஷிப்ட் பார்த்த உடம்பு, உட்கார்ந்தால் வலித்தது, நின்றாலும் வலித்தது. திருவள்ளூர் வந்தபோது மில் இருக்கும் பக்கம் எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். எழவில்லை. 9.40க்குத் திருவாலங்காடு. ஸ்டேஷனிலிருந்து ஊர் நாலு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் நிழல் கிடையாது. ஒரே ஒரு குதிரை வண்டி நின்றது. ஒன்றரை ரூபாய்.

"கோயிலுக்கா சார்?"

"இல்ல. மில்லு மேஸ்திரி கோதண்டன் ஊட்டுக்கு."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "கத்திக்கினே இருப்பாரே, அவரா? இப்ப அவருகிட்ட நாமதான் சார் கத்தணும். காது சுத்தமா பூட்ச்சு."

வாசலில் மேஸ்திரியின் மகள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "நைனாவுக்குக் கேக்காது, கிட்ட போய் சத்தமா பேசுங்க" என்றார். மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிகவும் சுருங்கியிருந்தார்.

"மில்லுல நெல்லு காய வச்சேன். நாலு வருஷம்!" என்று காதருகே கத்தினேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எத்தினியோ பேரு வந்தானுங்க, போனானுங்க. உன்ன நெனப்பு இல்ல. அந்தோணின்னு ஒருத்தன் இருந்தான், தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தேன்.

"எதுத்துக் கேட்டுட்டான். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. எங்க கீறான்?"

"தெரியாது!"

"நீ அப்ப எங்க இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்தார். இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. மகள் முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ம்" என்றார் மேஸ்திரி. பிறகு, "டீ குடு இவனுக்கு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திரும்புகிற வண்டி 12.20க்கு. உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக என் கோபத்துக்கெல்லாம் அவரைக் காரணம் சொல்லிவந்திருக்கிறேன். அன்று அந்தக் களத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் குச்சி இருந்தது, இன்னொருவன் கேள்வி கேட்டான். இருவரும் என்னிடமிருந்து ஒரே தூரம்தான். குச்சி வைத்திருந்தவரைப் போல ஆகிவிட்டேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி வந்தபோது மணி நாலரை. அறைக்குப் போனால் படுத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் நேராக ஏழுமலையின் வீட்டுக்கு நடந்தேன். மூன்று கிலோமீட்டர். அவர் வாசலில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை. உள்ளே அழும் சத்தம் கேட்டது.

"இன்னா சார், ஊடு வரைக்கும்?"

"நான் பேசுனது தப்பு ஏழுமலை. நாளைக்கு வந்துடு. எல்லார் முன்னாடியும் சொன்னத, எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்றேன்."

கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார். அவசரமே இல்லை.

"வர்றேன் சார். வேல வோணும். ஆனா உங்க ஷிப்டுல மட்டும் என்னப் போடாதீங்க."

சரி என்றேன். திங்கட்கிழமை கேட்டருகே எல்லோர் முன்னிலையிலும் தப்பு என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரே பட்டறையில் இருந்தோம். வணக்கம் வைப்பார். ஒரு நாளும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்ததில்லை. நானும் ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. அடுத்த மாதமே இன்னொருவரிடம் கத்தினேன். ஆனால் பாதியில் நிறுத்தினேன்.

போகிறவர்களுக்கு: காலை வண்டியிலேயே போங்கள், வெயில் ஏறிவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போவது பேஜாரு. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தேடிப் போகிறவர் இருக்கிறாரா என்று முன்னதாக விசாரித்துவிடுங்கள். உங்களை அவருக்கு நினைவிருக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். போக நூறு, வர நூறு என்று இருநூறு கிலோமீட்டர் அலைந்த பிறகுதான் நான் அந்த மூன்று கிலோமீட்டரை நடந்தேன். உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால், அந்த மூன்றை முதலில் நடந்துவிடுங்கள்.